தெரியாத இலக்கம்

மருந்துக்கடையின் பின்னறை.
தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் டயப்பர் மூட்டைகளுக்கும் நடுவே
சப்பாத்துப் பெட்டி அளவில் எங்கள் கமரா.
நாடியை இதிலே வையுங்கோ.
பச்சை வெளிச்சத்தைப் பாருங்கோ. இமைக்காதேங்கோ.
ஒரு மின்னல். இனி மற்றக் கண்.

தவயோகராசா. ஐம்பத்தெட்டு வயது. டாக்சி.
பதினெட்டு வருசமாய்ச் சீனி.
"கண்ணிலே ஒரு குறையும் இல்லைப் பிள்ளை,
அந்தக் கரையிலே நிக்கிற பஸ்ஸின்ர
நம்பரே வாசிப்பன்."
வாசித்தும் காட்டினார்.
சரிதான்.

திரையில் அவர் கண்ணின் உட்சுவர்,
செவ்விளநீர்த் தோலின் நிறம்.
அதில் எறும்பு கடித்த மாதிரிச் சிவப்புப் புள்ளிகள்,
பார்வையின் நடுமையத்துக்கு மிக அருகே
ஆறி உறைந்த நெய்த் துளிகள் நாலைந்து.
நாற்பது நொடியில் கணினி சொல்லிவிட்டது:
நிபுணர் பார்க்க வேண்டும்.
அடுத்த நாள் ரோஸ்மோன்ட் கிளினிக்கில்
ஒரு வைத்தியர் படத்தைப் பார்த்து ஆமென்றார்.

அதன்பிறகு ஐந்து கிழமை
ஒன்றும் நடக்கவில்லை.

நான் அழைத்தேன். எடுக்கவில்லை.
தெரியாத இலக்கத்தை எங்கள் ஆட்களில் யார் எடுப்பது?
சீட்டுக்காரி, வங்கிக்காரன்,
வரி அலுவலகம் என்று மிரட்டும் கள்ளன்.
அந்த வரிசையில் நான்காவதாய் என் குரல்.
மூன்று முறை அழைத்தால் கோப்பை மூடலாம், அது விதி.
'தொடர்பில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது,
சரி போட்டால் பச்சையாகும்.
மாத அறிக்கையில் அழகாகத்தான் இருக்கும்.

மூன்றாம் தவணையும் தப்பவிருந்த காலை
டாக்சி நிலையத்துக்கு அடித்தேன்.
இருநூற்றுப் பதினாலாம் வண்டி வேண்டும்.
அதேதானா?
அதேதான்.
விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை.

பின் இருக்கையில் ஏறி முகவரி சொன்னேன்.
கண்ணாடியில் என்னை அடையாளம் கண்டார்.
அக்காடி தாண்டும்வரை பேச்சில்லை.
"ஆருக்குப் பிள்ளை கிளினிக்?"
"உங்களுக்கு."
வண்டியை ஓரங்கட்டினார்.
பனி தட்டியில் விழுந்து விழுந்து துடைபட்டது.
மீற்றர் ஓடிக்கொண்டிருந்தது,
அதை அவர் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்தார்.
தண்டச் சீட்டுகள், குளுக்கோஸ் வில்லைகள்,
உடைக்காத மூன்று கடிதங்கள், எல்லாம் பிரெஞ்சில்.
"லைசென்ஸைப் பறிக்கிற கடிதம் எண்டு நினைச்சன்."
பறிக்கமாட்டார்கள் என்று சத்தியம் செய்ய
என்னிடம் அதிகாரம் இல்லை.
இப்போது போனால் பறிபோகும் வாய்ப்புக் குறைவு,
இவ்வளவுதான் என்னால் சொல்லமுடிந்தது.
அது ஆறுதலாய் இருந்திராது.
கியரைப் போட்டார்.

சொட்டு மருந்து விட்டார்கள்.
கண்மணிகள் கறுத்து விரிந்தன.
மருத்துவர் பிரெஞ்சில் நிறையச் சொன்னார்,
ஊசி, ஆறு மாதம், சீனி, இரத்த அழுத்தம்.
நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன்.
அவர் ஒரு சொல்லைத்தான் திருப்பிக் கேட்டார்:
"'இன்னும்' எண்டவரோ? இன்னும் நேரம் இருக்கெண்டு?"
"ஓம், 'இன்னும்' எண்டுதான்."

அந்தக் கண்ணோடு ஓட்டக்கூடாது.
எனக்கோ ஓட்டத் தெரியாது.
வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம்.
இருபத்தொரு வருசம் இந்த நகரத்தை ஓட்டியவர்
யன்னல் இருக்கையில், வெயில் பட்ட பனி கூச,
தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு
வளைவுகளை முதுகால் எண்ணி
பெருந்தெருக்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லிவந்தார்:
இபெர்வில். லொரிமியே. பாப்பினோ.
சென்-தெனி.

கிறிஸ்தோஃப்-கொலோம் விடுபட்டுப்போனது.
சொல்வதா விடுவதா என்று ஒரு தரிப்பு தூரம் யோசித்தேன்.
சொன்னேன்.
தொப்பியைத் தூக்கி, கண்ணீர் வழிய வழிய
அவர் திரும்பி அந்தப் பலகையைத் தேடினார்.