கட்டைவிரல் இல்லாத கையுறை

தார்த்து நகரில் சாசேஜ் வந்தால்
சேதி தெருவுக்கு முன்னால் ஓடும்.
பேராசிரியர் வைகே சாரெபூ
பாதி வகுப்பில் சாக்கட்டியைக் கீழே வைத்து
"ஐந்தாண்டுத் திட்டத்தின் மீதி அடுத்த வாரம்" என்பார்.
மாணவர்கள் அதற்குள் மாடிப்படியில் இருப்பார்கள்.

வரிசையில் நின்று வரிசை வரிசையாகப் பின்னுவார்.
சாம்பல் கம்பளி, ஐந்து ஊசி.
சுற்றுக்கு இரண்டு நிமிடம்,
பனி கொட்டினால் இரண்டரை.
கடிகாரமும் நோட்டுமாய் நின்றால் சந்தேகம் வரும்.
பின்னுகிற பெண்பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?

அரசு விலைப்பட்டியலில் சாசேஜ் கிலோ இரண்டு ரூபிள் சொச்சம்.
அவர் கணக்கில் இருபத்தாறு சுற்று.
ஆரஞ்சு: மணிக்கட்டு முழுக்க, உள்ளங்கையில் பாதி.
குழந்தைக்குக் குளிர்காலப் பூட்ஸ்:
ஒரு ஜோடி, அதற்கு மேல் ஒரு கட்டைவிரல்.

மாலையில் என் மேசையில் எறிவார்.
"எண்ணு, ஹின்னோ."
எண்ணுவேன்.
பதினோரு ஆண்டில் இருநூற்றுப் பதினேழு கையுறைகள்,
ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு துணிச்சீட்டு: நாள், கடை, பொருள்.
சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர்
ஒன்றை மாட்டிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.
கழற்றவில்லை.
எண்பத்து நாலாம் ஆண்டு வெண்ணெய் விலை
எங்கள் அட்டவணையில் இல்லாதது அதனால்தான்.

பொருளியல் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.
எமாயோகி ஆற்றில் பனிக்கட்டி என்றைக்கு உடையும் என்று
மீன்காரர் ஊக்குவோடு வருஷா வருஷம் பந்தயம்.
இருபத்தெட்டு வருஷத்தில் நான்கு தரம் ஜெயித்தார்.
தோல்விகளை மட்டும் வரைபடமாக வைத்திருந்தார்.
வானொலியில் குத்துச்சண்டை கேட்பார், கண்ணை மூடிக்கொண்டு,
எப்போதும் அடி வாங்குகிறவன் பக்கம்.
ஹங்கேரிய மொழியை அகராதியிலிருந்து படித்தார், பாதி வரைக்கும்.
மீதிச் சொற்கள் இல்லாமலே
புதாபெஸ்தில் ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டு வந்தார்.
தேவாலயத்து ஆர்கன் மூச்சு வாங்கினால்
துருத்திக்குள் இடுப்பு வரை நுழைவார்.
வாசிக்கத் தெரியாது.
"காற்று எங்கே போகிறது என்று தெரியும்.
அதைத் தானே வகுப்பிலும் சொல்கிறேன்."

காளான் முளைக்கும் இடத்தை என்னிடமும் சொன்னதில்லை.
சந்தையைப் பற்றி நான் அவரிடம் கற்றதில்
அதுதான் உருப்படியான பாடம்.

தொண்ணூற்றிரண்டு ஜூன்.
ரூபிளைக் கொடுத்துக் குரோன் வாங்க ஊரே நின்றது.
அவரும் நின்றார்.
கையுறை நுனி மூடியாயிற்று.
கட்டைவிரலுக்கு விட்ட துளையில்
தற்காலிகமாய் ஒரு சிவப்பு நூல்.
அதற்குள் ஜன்னல் வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் கடையில் எல்லாம் இருந்தது,
வரிசையைத் தவிர.
ஒரு நூலை இழுத்ததும் முழுக்கப் பிரிகிற மாதிரி
அவருடைய படிப்பு பிரிந்தது. வயது ஐம்பத்தொன்று.
"நல்லது தானே" என்றார்.
இரண்டு தரம் சொன்னார்.

இரவல் பாடநூலை வைத்துக்கொண்டு
மாணவரைவிட ஒரே ஒரு அத்தியாயம் முன்னால் ஓடி
பதினாறு வருஷம் நடத்தினார்:
தேவை, அளிப்பு, இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளி.
புள்ளியை வைக்கும்போது சாக்கட்டி உடையும்.
எனக்குத் தெரிந்து எல்லா வருஷமும்.

போன பிப்ரவரி, சந்தைக் கட்டடத்துக்கு வெளியே
பதினைந்து பேர் நின்றார்கள்,
புகைபோட்ட மீனுக்கோ வேறெதற்கோ.
என்ன விற்கிறார்கள் என்று கேட்காமலே
கடைசியில் போய் நின்றார்.
கை தானாகப் பைக்குள் துழாவியது:
கண்ணாடிக் கூடு, சாவி, காளான் கத்தி.
முன்னால் நின்ற பையன் கைப்பேசியில் மணி பார்த்தான்.

"எவ்வளவு ஆகும்?" என்றேன். விலையைத்தான் கேட்டேன்.
வரிசையின் தலை வரை எட்டிப் பார்த்துவிட்டு
"இந்தக் காற்றுக்கு," என்றார்,
"ஒரு கட்டைவிரல்."