மூணு கால் பின்னல்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடி.
பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று என் பலகை தொங்கும்.
முன்னாலிருந்த சத்தியத்தை
போன வருஷத்து மழை உரித்துக்கொண்டு போய்விட்டது.
பக்கத்துக்கு எழுநூற்றைம்பது. முத்திரை தனி.

கொழும்புக் காப்புறுதிக் கம்பனிக்கு
இங்கிலீஷில் போகவேண்டும் ரெங்கநாயகியின் வாக்குமூலம்.
பொலிசில் தமிழ் தெரிந்த யாரோ எழுதியது, ஒன்றரைப் பக்கம்.

"காலையில ஆறே முக்கால். மகளுக்குச் சடை பின்னிக்கிட்டு நின்னேன்.
எங்க வீட்டுக்காரரு ரோட்டுல ஓட்டோவைத் திருப்பிக்கிட்டு இருந்தாரு.
அந்நேரம் மேலேருந்து
லொறி பின்னிப் பின்னி வந்துச்சு.
ஓடப் பார்த்தேன். காலு பின்னிக்கிச்சு."

ஒரே சொல், மூன்று வேலை.
பிரட்டில் ஓராளை மூன்று மலைக்கு அனுப்பிவிட்டு
ஒரு பேர் மட்டும் போட்டதுபோல.

இடம்: கொண்டை ஊசி வளைவு, என்கிறது பொலிஸ் குறிப்பு.
கொண்டை, ஊசி, சடை.
தலைமயிரை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது இந்த வழக்கு.

அகராதியைப் பிரித்தேன்.
சடைக்கு ஒரு சொல் இருக்கிறது, காலுக்கு வேறொன்று.
லொறிக்கு: வீவ்.
அதன் கீழே பொடி எழுத்தில்
நெய்தல், முடைதல், இழையோடு இழை சேர்த்தல்,
நெரிசலில் வளைந்து வளைந்து புகுந்து போதல்,
கடைசியாக, கதை கட்டுதல்.

அந்தக் கடைசியைத்தான் நான் முதலில் சந்தித்தேன்.
கம்பனி அனுப்பிய கடிதத்தில், நாலாம் வரி:
சாட்சி இதை வீவ் பண்ணியிருக்கிறார்.
போன கிழமை அதைத் தமிழில் அவளுக்குச் சொன்னவன் நான்.
புனைந்து, என்றேன், கொஞ்சம் மெதுவாக விழட்டும் என்று.
"விளங்கல சார்."
"நீ கதை விடுறேங்கிறாங்கம்மா."
அப்புறம் இரண்டு பேரும்
கீழே பாண் வேகிற வாசத்தில் கொஞ்ச நேரம் இருந்தோம்.

ஒலியைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.
கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தால் வீவ்.
புள்ளியை எடுத்து ஓர் உகரம் கொடுத்தால் வீவு.
ஏட்டுத் தமிழில் அதற்கு அர்த்தம், சாவு.
இதை எந்தக் கம்பனிக்கும் எழுத முடியாது.
இதற்கு முத்திரையும் கிடையாது.

"லொறி எப்படி வந்துச்சு, காட்டும்மா."
கையை மேசையில் வைத்தாள்.
கொழுந்துக் கறை ஏறிய விரல்கள்
இடமாக, வலமாக, மறுபடி இடமாக இறங்கி வந்து
என் பிளேன்டீக் கோப்பைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றன.
"இல்ல சார், தப்பாச் சொல்லிட்டேன்.
பின்னலுன்னா மூணு கால் வேணும்.
லொறி ஒண்ணு. அவரு ஓட்டோ ஒண்ணு."
"மூணாவது?"
"பார்த்துக்கிட்டு நின்னேன்ல."

சடைக்குச் சடையின் சொல்லைப் போட்டேன்.
காலுக்குக் காலின் சொல்.
கம்பனி அவளுக்குப் போட்ட சொல்லை எடுத்து
என் நாலாம் வரியில் லொறிக்குப் போட்டேன்.
வேண்டுமென்றே. அகராதி என் பக்கம்.

அன்றைக்குச் சடை எந்த அளவில் நின்றது,
யார் பிறகு முடித்தது, வாக்குமூலத்தில் இல்லை.
நான் கேட்கவுமில்லை.
"கிராப்பு வெட்டிக்கிறேன்னு நிக்கிறா"
என்று அவளாகத்தான் சொன்னாள், காசை எண்ணும்போது.

தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துத் திருப்பினாள்.
"இதுல லொறி எங்க சார் இருக்கு?"
காட்டினேன். ஐந்து எழுத்து.
நகத்தால் அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவினாள்.
"இத்துனூண்டா," என்றாள்.

சொப்பிங் பேக்கில் தாளைச் சுற்றி
சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.
நோர்வூட் பஸ் ஹோர்ன் அடித்தது.
பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே
வளைந்து வளைந்து போனாள்,
மேலேயிருந்து பார்க்க
அதற்கும் அந்தச் சொல்தான்.