பொருள் எண் முப்பத்தொன்று

முப்பதாவது பொருள், தெருநாய்களுக்குக் கருத்தடை.
ஒரே நிமிடத்தில் நிறைவேறியது.
முப்பத்தொன்றை நான் வாசித்தபோது
மின்விசிறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது:
போதை ஊசி போடுவோரிடம் பழையதைப் பெற்றுப்
புதியது வழங்கும் மையம்.
பணம் மாநிலத்தது. இடமும் இசைவும் மன்றத்தினது.
மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால்
நாலு லட்சத்து இருபதாயிரம் வந்த வழியே போகும்.

ஹபீபா எழுந்து கணக்குச் சொன்னார்:
தண்டவாளத்தை ஒட்டிய சந்தில்
ஒரு ஊசி, ஐந்து கை.

"ஏனுங்க, நாமளே ஊசி வாங்கிக் குடுத்தா
ஊர் என்னங்க சொல்லும்?"
தெய்வசிகாமணி கேட்டார்.
"வேணும்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் வைங்க."
பஸ் ஸ்டாண்டு வார்டுக்காரர் நொய்யல் கரை என்றார்.
கரைக்காரர் சாயப்பட்டறை வீதி என்றார்.
மையம் ஊரைச் சுற்றிவிட்டுத்
தண்டவாளத்திலேயே வந்து நின்றது.
அந்த வார்டுக்காரர் அன்றைக்கு வரவில்லை,
மகளுக்குச் சீர்.

"நம்மூருக்கு என்ன வேணும்னு
மெட்ராஸ்ல இருக்கறவனா சொல்றது?"
மேசைகள் தட்டப்பட்டன.
சரியான கேள்விதான், நானும் உள்ளுக்குள் தட்டினேன்.
நம்மூர் என்றபோது அவர் கை ஒரு வட்டம் போட்டது.
சந்து அதற்கு வெளியே கிடந்தது.

இந்த வேலைக்கு முன் ஆறு வருஷம்
அவருடைய பனியன் கம்பெனியில் ஊசி நோட்டு எழுதினேன்.
ஊசி உடைந்தால் துண்டு துண்டாகப் பொறுக்கி வரவேண்டும்.
நோட்டில் டேப் போட்டு ஒட்டி,
நேரம், மெஷின் நம்பர், கையெழுத்து,
அப்புறம்தான் புதுசு.
ஒரு முனை காணோமென்றால் லைனே நிற்கும்,
கட்டிய பெட்டிகளைப் பிரிப்போம்,
கண்காணாத தேசத்தில் ஏதோ ஒரு குழந்தையைக் குத்திவிடுமென்று.
ஏன் உடைத்தாய் என்று
யாரையும் கேட்டதில்லை.

எழுந்து சொல்லியிருக்கலாம்.
குறிப்பெழுதுகிறவன் பேச்சு குறிப்பில் ஏறாது.
'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன்.
கையெழுத்து அழகாகவே வந்தது.

மறுநாள் காலை, துப்புரவுப் பிரிவு சரசக்கா.
கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.
மூடி இறுக்கிய ஹார்லிக்ஸ் பாட்டிலை
என் மேசையில் வைத்தார்.
"இதை எங்கீங்க குடுக்கறது?"

பதினேழு.
இல்லை, அடியில் ஒன்று ஒளிந்திருந்தது.

"கையைக் காட்டுங்க. குத்திருச்சா?
ஜி.எச்சுக்குப் போங்கக்கா, இப்பவே."

"போறனுங்க.
மொதல்ல நீங்க எழுதுங்க."