நான்கு கோடு, குறுக்கே ஒன்று

கை கழுவுவதை எண்ணுவது என் வேலை.
மருந்து ட்ராலிக்குப் பின்னால்
கேஸ் ஷீட் படிப்பவள்போல் நின்றுகொண்டு
யார் கழுவினார், யார் கழுவவில்லை.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
மாதக் கடைசியில் அது சதவீதமாகி
மேலே போகும்.
வார்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர்
ட்ராஃபிக் போலீஸ்.
நான் நகர்ந்த பிறகுதான் சொல்கிறார்கள்.
சேலம் பெரியாஸ்பத்திரி வராந்தாவில்
எதுவும் காதில் விழாமல் போகாது.

வீடு திரும்பும் வழியில்
தட்டுவடை செட் போடுபவர்
காசு வாங்கிய கையால் பீட்ரூட் துருவலை அள்ளும்போதும்
மனதுக்குள் ஒரு கோடு விழும்.
இருந்தாலும் சாப்பிடுவேன்.

தனி அறை இரண்டு.
கதவில் மஞ்சள் அட்டை, நானே ஒட்டியது.
உள்ளே மாதையன்,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை,
ஆசிட் சிந்திய கால்.
கல்ச்சர் ரிப்போர்ட்டில் பதினான்கு மருந்து,
பன்னிரண்டுக்கு எதிரே
'கேட்காது'.

காலை ரவுண்ட்ஸ்.
டாக்டர் தீபன் கதவு வரை வந்து
எப்படி இருக்கீங்க என்று கேட்டுத் திரும்பினார்.
தொடவில்லை. ஆகவே கழுவவில்லை. ஆகவே கோடில்லை.
ஹவுஸ் சர்ஜன் பெண் கட்டு மாற்றினாள்,
உறையைக் கழற்றினாள்,
அதே விரலால் போனை எடுத்தாள்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
இரண்டு பேருமே ஜன்னலுக்குத் திரும்பினோம்,
ஏற்காட்டு மலைமேல் மழை இறங்குவதைக்
கவனிக்கிறவர்கள்போல.

பழனியம்மாள் வாளியோடு வந்தாள்.
கட்டில் கம்பி, கைப்பிடி, சுவிட்ச்,
தரை, திரும்ப ஒருமுறை கட்டில் கம்பி.
வெளியே வந்து கழுவினாள்:
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு,
கட்டைவிரலைத் திருகி,
நகங்களை உள்ளங்கைக் குழியில் தேய்த்து.
போஸ்டரில் சிரிக்கும் பெண்ணைவிட ஒழுங்காக.
என் தாளில் டாக்டர், நர்ஸ், மாணவர் என்று கட்டங்கள்.
அவளுக்கு 'மற்றவர்கள்'.
பிளீச்சிங் தின்ற விரல்கள்.
வெடிப்புல சோப்பு எரியாதா என்றேன்.
'எரியும். எரிஞ்சாத்தான் போயிடுச்சுன்னு தெரியுது.'

பத்தரைக்கு மாதையன் மணி அடித்தார்.
கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா,
ஆறரை உறை தீர்ந்து ஏழரைதான் இருந்தது.
தண்ணீர் கேட்டவருக்கு
இது எவ்வளவு நேரம் என்று
எந்தப் போஸ்டரிலும் இல்லை.

டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார்.
தலையணைக்கு அடியிலிருந்து
மாத்திரைப் பெட்டி அட்டை ஒன்றை எடுத்தார்.
அதிலும் பென்சில் கோடு. மூன்று.
'வெளிய நீங்க எண்ணறது தெரியும் சிஸ்டர்.
உள்ள நான் எண்ணறேன்.
முத்து கோத்த கை, சும்மா இருக்காது.
சலங்கை ஒண்ணு கொறஞ்சாலும் கூலியில பிடிப்பான்.'

என்ன கணக்கு என்றேன்.
'தொட்டவங்க.'

பத்தொன்பது நாளில் மூன்றா?
தினமும் கட்டு மாற்றுகிறார்களே?
'அது புண்ணைத் தொடறது. சேக்கல.
ரெண்டு, வாளியோட வர்ற அம்மா.
ஒண்ணு, எக்ஸ்ரேக்குத் தள்ளிட்டுப் போன பையன்,
தோள்ல.'

உறை போட்டுத் தொட்டால் சேருமா?
வெள்ளி எடை பார்க்கிறவர்போல
கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.
'சேத்துக்கலாம்.'

ஏழரை உறை விரல்நுனியில் தொளதொளத்தது.
மணிக்கட்டைப் பிடித்தேன்.
நாடி பார்க்க அல்ல.
ஆனாலும் பார்த்தேன், எண்பத்தெட்டு.
பழக்கம்.
அவர் இன்னொரு கையால்
பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

உறை சிவப்புத் தொட்டியில், கவுன் மஞ்சளில்.
குழாயைத் திறந்தேன்.
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு.
கட்டைவிரலுக்கு வந்ததும் கை நின்றது.
கழுவ மனமில்லை என்று சொன்னால்
யார் நம்புவார்கள், அதுவும் நான்.
திருகிக் கழுவினேன்.

ட்ராலிக்குப் பின்னால் ஆளில்லை.
தனக்குத் தானே கோடு போடக் கூடாது,
அது விதி.
தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வராந்தாக் கோடியில் மாப்பைப் பிழிந்தபடி
பழனியம்மாள் சொன்னாள்:
'போட்டுக்கோங்க சிஸ்டர்.
நான் பாத்தேன்.'