பதினைந்தாவது இலக்கம்

பந்தலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
கோழிக்கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவில்
ஆறடிக்கு எட்டடி, என் கடை.
ஆடி மழையில் ஷட்டர் பாதிதான் திறக்கும்.
ஈரம் ஏறிய போன்களை
ஹேர் டிரையர் பிடித்துக் காயவைப்பதே
அந்த இரண்டு மாதமும் பிழைப்பு.

குடையை மடக்கி வெளியே வைக்காமல்
கையோடு கொண்டுவந்தாள் புஷ்பவதி,
மூன்றாம் டிவிஷனில் கொழுந்து எடுப்பவள்.
நல்ல போன். ஒரு கீறல் கிடையாது.
பத்தேரி சந்தையில் நாலாயிரத்து இருநூறு.
மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு.
மூன்று நாள் பேசியது.
நான்காம் நாள் எந்த சிம்மைப் போட்டாலும்
டவர் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ்.
பதினைந்து இலக்கம் வந்து நின்றன திரையில்,
விடிகாலைப் பெரட்டில் ஆட்கள் மாதிரி.
எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினேன்.
பதில்: கருப்புப் பட்டியல்.
எங்கேயோ யாரோ தொலைத்துவிட்டு
ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நம்பர மாத்திட்டா ஓடுமாமே தம்பி?"
மெதுவாகத்தான் கேட்டாள்,
பக்கத்து லயத்தில் உப்பு கேட்கிற குரல்.

மாத்தினா மூணு வருஷம் உள்ள இருக்கணும்க்கா.
ஐம்பது லட்சம் வரைக்கும் அபராதம்.

சிரித்துவிட்டாள்.
ஐம்பது லட்சத்தைக் கொழுந்துக் கிலோவில்
வகுத்துப் பார்த்திருப்பாள்.
"எங்கப்பாவுக்கு சிலோன்ல ஒரு நம்பர்,
ராமானுஜம் கப்பல்ல ஒரு நம்பர்,
மண்டபம் கேம்ப்புல ஒண்ணு,
இங்க வந்ததும் தோட்டத்துல ஒண்ணு.
மாத்துனவங்க யாரும் உள்ள போகலையே."

நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தேன்.
என் அப்பா வந்ததும் அந்தக் கப்பல்தான்.

முதல் எட்டு, எந்த மாடல் என்று சொல்லும்.
அடுத்த ஆறு, அதில் எத்தனையாவது பிள்ளை என்று.
கடைசி ஒன்றுக்குச் சொந்தமாக எந்தச் சேதியும் இல்லை.
முன்னால் நிற்கிற பதினாலையும்
ஒன்றுவிட்டு ஒன்று இரட்டித்துக் கூட்டினால்
பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ
அதுதான் அது.
சாட்சி சொல்லவே வைத்த இலக்கம்.
கூட்டல் சரியாக இருந்தால்
பொய்க்கும் தலையாட்டும்.

இதெல்லாம் எங்கே கற்றாய் என்று
புஷ்பவதி கேட்கவில்லை.

கடை போட்ட முதல் வருஷம். எழுநூறு ரூபாய்.
ஒரே ஒரு தடவை.
கம்ப்யூட்டரில் வெற்றுக் கட்டம் திறந்து
என்ன எண் வேண்டும் என்று கேட்டது.
மனதில் எண்ணே இல்லை.
அப்பாவின் குடும்ப அட்டை எண்ணைப் போட்டேன்.
ஆறு இலக்கம், போதவில்லை.
அவர் ராமேஸ்வரத்தில் கரையிறங்கிய தேதி, அது எட்டு.
பதினாலு ஆயிற்று.
எந்தத் தொழிற்சாலையும் செய்யாத ஒரு மாடல்.
பதினைந்தாவதை மட்டும்
கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டு எழுதினேன்.
போன் உடனே சிணுங்கியது.
வாங்கிப்போனவர் முகம் நினைவில்லை,
வெற்றிலை வாசனை மட்டும்.
அப்போது அதற்குச் சட்டம் இருந்ததா என்று
பிற்பாடு ஒருநாள் தேடிப் பார்த்தேன்.
தேடிய அன்றைக்குத் தூங்கவில்லை.

ஷட்டரை இறக்கிவிட்டு
அவளோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.
ரைட்டர் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டார்,
ஏழா ஒண்ணா, ஏழா ஒண்ணா என்று.
விற்றவன் பேர்? தெரியாது.
ரசீது? சந்தைங்க.
போன் மேசை இழுப்பறைக்குள் போயிற்று.
சிம்மை முந்தானையில் முடிந்துகொண்டு
"நாலாயிரத்து இருநூறு" என்றாள்,
எங்களில் யாரையும் பார்க்காமல்.
மழை கொஞ்சம் விட்டிருந்தது.

இன்றைக்கும் எந்தப் போன் வந்தாலும்,
கண்ணாடி மாற்றவோ பேட்டரி போடவோ,
முதலில் அந்த ஐந்தையும் அழுத்திப் பார்க்கிறேன்.
எண் வருவதற்கு முந்தைய அரை நொடி
அப்பா பெரட்டுக் களத்தில்
பேர் கூப்பிடக் காத்து நிற்கிறார்.
வேறு யாரோ வருகிறார்கள்.