பை-டூ

ஒரு காபியை இரண்டு தம்ளரில் வாங்கிக் குடித்தவர்கள் நாங்கள்.
சர்ஜாபுரம் சாலையில் அப்போது ஜெயதீர்த்தாவுக்கும் எனக்கும்
ஒரே நிற ஹெல்மெட், ஒரே சம்பளத் தேதி.
கம்பி கட்டுகிற பீமப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பான்:
"இந்தத் தூண் நிக்குமா, நீ சொல்லு."
பீமப்பா பீடியை அணைத்துவிட்டு
நிக்காது என்பார்.
பிரித்துக் கட்டுவோம்.

பிறகு அவன் அவரானார்.
எந்த நாளில் என்று நினைவில்லை.
விகுதி ஒன்று
என்னைக் கேட்காமலே என் வாயில் மாறியிருந்தது.

ஒன்பதாம் மாடியில் அறை.
"என் கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்றார்.
திறந்துதான் இருந்தது.
காபி இப்போது ஒரே கோப்பையில் வரும்.
பாதி குடித்து ஆறவிட்டுவிடுவார்.
மீதிப் பாதி மேல் ஆடை படிவதை
மீட்டிங் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் கடிகாரம் பார்க்கப் பழகினார்.
அப்புறம், நம் வாக்கியத்தை நமக்கு முன்னே முடிக்க.
சுமாரான ஜோக்குக்கு மேஜையே குலுங்கியது.
நானும்தான் சிரித்தேன்.
என் சிரிப்பு எல்லோரையும்விடக் கொஞ்சம் நீளம்.

பெல்லந்தூர் கட்டடம், இரண்டாவது பேஸ்மென்ட்,
சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம்.
சுவருக்குப் பின்னால் ராஜகாலுவை.
பெருமழைக்கு மூன்று வாரம் இருந்தது.
திங்கட்கிழமை படத்தை அச்செடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டு போனேன்.
எனக்கு முன்னால் குல்கர்னி ஏதோ தாமதம் பற்றிச் சொன்னார்.
அவரைத் திட்டவில்லை.
பேனாவின் மூடியைப் போட்டார், அவ்வளவுதான்.
டக்.
"பூவராகன், உங்க பக்கம்?"
ஒண்ணுமில்ல சார் என்றேன்.

செப்டம்பரில் தண்ணீர் வந்தது.
ஆள் சேதமில்லை.
முப்பத்தோரு கார்கள்,
ஒடிசாக்கார வாட்ச்மேனின் கட்டில், கட்டிலடியில் பெட்டி,
பெட்டிக்குள் மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்.
விசாரணையில் அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்:
"ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"
அந்த முகத்தில் பொய்யில்லை.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் போனார். அறை எனக்கு வந்தது.
முதல் நாளே சொன்னேன், கதவு திறந்திருக்கும் என்று.
வேறு வாக்கியம் தெரியவில்லை.
பேனா வைத்துக்கொள்வதில்லை, பென்சில்தான்.
பை-டூ சொல்லிப் பாதியை அவர்கள் பக்கம் நகர்த்துகிறேன்.
"தாங்க்ஸ் சார்" என்று வாங்கி
நின்றபடியே குடிக்கிறார்கள்.

நேற்று தேஜஸ்வினி. சேர்ந்து எட்டு மாதம்.
போனில் ஒரு படத்தைத் திறந்து வைத்திருந்தாள்.
கட்டைவிரலுக்கடியில் திரை ஒளிர்ந்தது.
நான் எதுவும் செய்யவில்லை, சத்தியமாக.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தூசி.
திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தால்
திரை இருட்டு.
"ஏனு?" என்றேன், அவள் மொழியில்.
"ஏனு இல்ல சார்."

கன்னடத்திலும் தமிழிலும்
இல்லைக்கு ஒரே இல்லைதான்.
மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இரவு ஒன்பது மணி.
டார்ச்சோடு தளம் தளமாக இறங்கி
சுவர்களைத் தடவிக்கொண்டு போகிறேன்.
எந்தச் சுவர் என்று அவள் சொல்லவில்லை.
எல்லாமே குளிர்ந்திருக்கின்றன.
குளிரா ஈரமா, கைக்குப் பிடிபடவில்லை.
எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் இடி.

வாட்ச்மேன் எழுந்து நிற்கிறான்.
உட்கார் என்கிறேன்.
இன்னும் விறைப்பாக நிற்கிறான்.