பலவின்பால்

கொம்பனித்தெருவில், ஒரு முச்சக்கர வண்டியின் பின்சீட்டில்
சப்பாத்துப் பெட்டியோடு வாங்கினேன் ஆறு குஞ்சுகளை.
சில்க்கி இனம். அதன் உடம்பில் இருப்பதை
இறகு என்று சொல்ல வாய் வராது.
தலையணை கிழிந்து பஞ்சு எழும்பியது போல ஒன்று.
கறுப்புத் தோல். காலுக்கு ஐந்து விரல்,
வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைவிளக்கில் எண்ணிப் பார்த்தேன்.

"இதில ஆண் எது, பெண் எது?"
துவான் ரிஸ்மிக்கு இருபத்தாறு வயதிருக்கும்,
மீதிச் சில்லறையைத் தேடிக்கொண்டே சொன்னான்:
"சத்தியமா எனக்குத் தெரியாது மிஸ்.
அஞ்சாறு மாசம் போனா அதுவே சொல்லும்."

அது சொல்லக் கூடாது என்பதுதான் என் பிரச்சினை.
கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிவீட்டுச் சங்கத்தின்
பதினோராம் விதி, ‘செல்லப் பிராணிகள்’.
செயலாளர் பெர்னாண்டோபுள்ளே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து,
பச்சைப் பேனாவால் பக்கத்தில் எழுதினார்:
கூவாதவை மட்டும்.

புறக்கோட்டையில், நான் கணக்கெழுதும் மின்சாரக் கடையில்
வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி ஆறு நிறத்தில் உண்டு.
காலுக்கொன்றாய்ப் போட்டேன். பெயர் வைக்கவில்லை.
பெயர் வைத்தால் ஒரு பக்கம் சாய வேண்டிவரும்.

மூன்றாம் மாடி மெரினா நூலில் மோதிரம் கட்டினாள்.
வட்டம் சுற்றினால் பெட்டை, நேரே ஆடினால் சேவல்.
துறைமுகக் காற்றில் ஆறுக்கும் வட்டமே சுற்றியது,
என் தலைக்கு மேல் பிடித்தபோதும்,
தண்ணீர்த் தாங்கிக்கு மேல் பிடித்தபோதும்.

வென்னப்புவையில் குஞ்சுப் பண்ணையில் இருக்கிறான்
மச்சான் சுகிர்தன். செட்டையை விரித்து
ஒரு பார்வையில் இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி என்று போடுவான்.
வீடியோவில் காட்டினேன். கிட்டக் கொண்டுவரச் சொன்னான்.
இன்னும் கிட்ட.
"இதுக்குச் செட்டை எங்க தொடங்குது?" என்றான்.

தொப்பியை எறி, நிமிர்ந்து பார்ப்பது சேவல்,
பதுங்குவது பெட்டை என்றார்கள்.
எறிந்தேன். ஆறும் அதில் ஏறிப் படுத்துக்கொண்டன.

மழைநாளில் மொட்டைமாடிக் கூரைக்கடியில் குந்தியிருந்தபோது
பம்பலப்பிட்டியில் படித்த ஒன்பதாம் வகுப்பு நினைவுக்கு வந்தது:
அஃறிணைக்கு ஆண்பால் இல்லை, பெண்பால் இல்லை.
ஒன்றன்பால், பலவின்பால், அவ்வளவுதான்.
ஒன்றா, பலவா? அதற்குமேல் கேட்பதில்லை இலக்கணம்.
அன்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன்.
இன்று அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.
பதினோராம் விதிக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

ஐந்தாம் மாதம் முடிவெடுத்தேன்.
பச்சைப் பட்டிக்குப் பூ அகலம், கால் தடிப்பு,
நெஞ்சை முன்தள்ளி நடக்கும்,
தீன் கிண்ணத்தில் மற்றவற்றைக் கொத்தும்.
மஞ்சள் பட்டியோ மடியில் ஏறிக் கண்மூடும்,
அதன் தலை வெண்பந்து போல உருண்டை.
உருண்டை என்றால் பெட்டை. இதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.
பச்சையைத் திருப்பிக் கொடுத்தேன். ரிஸ்மி
காசு கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கடையில் வற் கணக்கு முடிக்கும் நாளில்
கைபேசியில் ஒரு படம். அவன் உள்ளங்கையில்
பாலாடை நிறத்தில் சின்னதாய் ஒன்று.
"மிஸ், ஒங்கட சேவல் முட்டை போட்டிருக்கு."

சிரித்தேன். கணக்கில் ஒரு சைபர் விட்டுப்போனது.
சிரிப்பு வியாழன் வரைதான் நின்றது.

விடிய முன்னம் நாலே முக்கால்.
பள்ளிவாசலில் பாங்கு முடிந்தது,
ஜிந்துப்பிட்டிப் பக்கம் கோயில் மணி,
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது,
எல்லாம் கூவ அனுமதி உள்ளவை.
அதற்குப் பிறகு, துருப்பிடித்த ஷட்டரை
பாதி தூக்கி விட்டது போல ஒரு சத்தம்
மொட்டைமாடியிலிருந்து.

துவாயோடு ஓடினேன்.
மஞ்சள் பட்டி கழுத்தை நீட்டியபடி நின்றது,
என்னைவிடத் திகைத்து,
யார் அது என்பது போல.
சுருட்டி எடுத்தேன். துணிக்குள்
அதன் இதயம் என் விரலை இடித்தது.
கீழே பெர்னாண்டோபுள்ளே வீட்டுச் சமையலறையில்
விளக்கு எரிந்தது. தேநீருக்கா, எனக்கா, தெரியவில்லை.

கூவியது. ஒன்றன்பால்.
கூட்டுக்குள் மற்ற நான்கும் தலையை ஒருக்களித்து
என்னைப் பார்த்தன.
பார்த்தன.